ஒரே அச்சு, வேறு வேறு பிரதி

கேள்வி – பதில்: இந்த முறை, பல்கலைக்கழக நூலகங்களில் இருக்கும் பழைய ஐரோப்பிய அச்சுப் புத்தகங்கள் பற்றிய கேள்விகள் மட்டும்.

கும்பகோணம் வாசகர்: எத்தனை வயதானால் ஒரு புத்தகத்தை 'அரிய நூல்' என்று பூட்டி வைப்பார்கள்?

வயது ஒன்றே போதாது. ஐரோப்பிய நூலகர்கள் 1500 டிசம்பர் 31 என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அதற்குள் அச்சானவை இன்குனாபுலா. அந்த நள்ளிரவில் எந்த அச்சகத்திலும் எதுவும் மாறிவிடவில்லை. கணக்கு வைக்க வசதியான தேதி, அவ்வளவுதான். இதுவரை தெரியவந்த இன்குனாபுலா பதிப்புகள் ஏறத்தாழ 30,000. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் மட்டும் சுமார் 4,650 இருக்கின்றன.

ஆனால் பழையதெல்லாம் அரியதாகிவிடாது. 1493இல் நியூரம்பெர்க்கில் அன்டன் கோபெர்கர் அச்சிட்ட உலக வரலாறு 1,800க்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட பெரிய புத்தகம். ஆயிரத்துக்கும் மேலான பிரதிகள் இன்றும் இருக்கின்றன. அதற்கு முன்பே குட்டன்பெர்க்கின் எழுத்துகளில் டொனாட்டஸின் லத்தீன் இலக்கணம் பல முறை அச்சானது. பள்ளிப் பிள்ளைகளுக்கான சின்னப் புத்தகம் அது. அவற்றில் ஒரு முழுப் பிரதிகூட நமக்குக் கிடைக்கவில்லை. வேறு புத்தகங்களின் அட்டைக்குள் ஒட்டிக் கிடந்த துண்டுகள்தான் கிடைத்தன. அலமாரியில் உட்கார்ந்திருந்தது பிழைத்தது, எல்லாரும் எடுத்துப் படித்தது தீர்ந்துபோனது.

மதுரை வாசகி: அச்சைக் கண்டுபிடித்தவர் குட்டன்பெர்க்தானே?

இல்லை. 868ஆம் ஆண்டுத் தேதியோடு சீனாவில் மரக்கட்டையில் அச்சான வைர சூத்திரம் லண்டனில் இருக்கிறது. 1377இல் கொரியாவில் உலோக எழுத்தில் அச்சான 'ஜிக்ஜி' பாரிஸில் இருக்கிறது. குட்டன்பெர்க் ஈயக் கலவை எழுத்துகளை ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் வார்த்தார். உலோகத்தில் ஒட்டும் எண்ணெய் மையையும் அழுத்தும் பொறியையும் அவற்றோடு மைன்ஸ் நகரத்தில் ஒரே பட்டறையில் சேர்த்தார். அவருக்கான பெருமை இதிலேயே நிறைய இருக்கிறது.

சேலம் வாசகர்: அவர் அச்சிட்ட பைபிள் இன்னும் எத்தனை இருக்கிறது? எங்கே?

1455 வாக்கில் சுமார் 180 பிரதிகள் அச்சாகியிருக்கும் என்பது கணக்கு. 49 மிஞ்சியிருக்கின்றன, அவற்றில் முழுமையானவை 21. பல்கலைக்கழகங்களில் என்றால் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், டோக்கியோவின் கெயோ ஆகியவற்றில் பார்க்கலாம். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் 1978இல் 24 லட்சம் டாலர் கொடுத்து ஒன்றை வாங்கியது.

இவற்றில் நான் முதலில் நிற்பது ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பிரதி முன்னால்தான். தாளில் அடிக்காமல் கன்றுத்தோலில் அடித்த, ஒரு பக்கமும் குறையாத பிரதி அது. இப்படி ஒரு தோல் பிரதிக்குச் சுமார் 170 கன்றுகளின் தோல் வேண்டும். பின்னாளில் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப்பாண்டவரான ஏனியஸ் சில்வியஸ், இந்த பைபிளின் சில பாரங்களைப் பார்த்துவிட்டு 1455 மார்ச்சில் கடிதம் எழுதினார். கண்ணாடி போடாமலே படிக்கலாம் என்று அதில் வியந்தார். அச்சு பற்றி ஒரு வாசகர் சொன்ன மிகப் பழைய பாராட்டுகளில் அது ஒன்று. எந்த அச்சகத்தாருக்கும் அதைவிட நல்ல பாராட்டு கிடைக்காது.

திருச்சி கல்லூரி மாணவர்: கையெழுத்துப் பிரதி என்றால் ஒன்றுக்கொன்று வேறுபடும். அச்சுப் புத்தகம் எல்லாம் ஒன்றுதானே? உலகத்துக்கு ஒரு பிரதி போதாதா?

போதாது. இந்தக் கேள்விக்கு இடம் எடுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

அதே குட்டன்பெர்க் பைபிளை எடுங்கள். 42 வரி பைபிள் என்று பெயர். ஆனால் சில பிரதிகளின் தொடக்கப் பக்கங்களில் 40 வரிகள்தான் இருக்கும். வேலை நடக்கும்போதே வரிகளை நெருக்கினார்கள்; பிரதிகளின் எண்ணிக்கையையும் கூட்டினார்கள். அதனால் முதல் பக்கங்களை மறுபடி கோத்து அடிக்க வேண்டி வந்தது. தலைப்பெழுத்துகளும் சிவப்பு வரிகளும் பெரும்பாலும் கையால் போட்டவை. வாங்கியவர் எந்த ஊரோ, அந்த ஊர் ஓவியர் வரைந்தார். 'கட்டிய புத்தகம்' கடையில் கிடைப்பதும் அபூர்வம். தாள்களாக வாங்கிப் போய், தன் பணத்துக்குத் தக்கபடி கட்டிக்கொள்வதுதான் வழக்கம்.

இவையெல்லாம் பிறக்கும்போதே உள்ள வேறுபாடு. வாசகர் கைக்குப் போன பிறகு வருவது இன்னும் பெரியது. சூரியன் நடுவில், பூமி சுற்றுகிறது என்ற கோபர்நிக்கஸின் நூலை 1543இல் நியூரம்பெர்க்கில் யோகன்னஸ் பெட்ரெயஸ் அச்சிட்டார். அதை அந்தக் காலத்தில் யாரும் படிக்கவே இல்லை என்று எழுத்தாளர் ஆர்தர் கோஸ்லர் 1959இல் எழுதினார். வானியல் வரலாற்றாசிரியர் ஓவன் கிஞ்சரிச் 1970இல் எடின்பரோ வான் ஆய்வகத்தில் ஒரு பிரதியைப் பிரித்தார். விட்டன்பெர்க் பேராசிரியர் எராஸ்மஸ் ரெயின்ஹோல்ட் வைத்திருந்த பிரதி. முதல் பக்கம் தொட்டுக் கடைசிவரை ஓரக்குறிப்பு! படிக்காத புத்தகத்தில் இப்படி யார் எழுதுவார்? கிஞ்சரிச் கிளம்பினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாடு நாடாகப் போய், 1543 பதிப்பும் 1566 பாசல் பதிப்பும் சேர்த்துச் சுமார் 600 பிரதிகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஆசிரியர் எழுதிய குறிப்பை மாணவர் தன் பிரதியில் படியெடுத்திருக்கிறார். அந்த மாணவரின் மாணவர் அதற்கு மேல் தன் கருத்தைச் சேர்த்திருக்கிறார். வானியலாளர்கள் கூடிப் பேசிய பேச்சு முழுவதும் அந்த ஓரங்களில்தான் இருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. 1620இல் ரோமாபுரியின் தணிக்கையாளர்கள் அந்த நூலில் எந்த வரிகளை அடிக்க வேண்டும் என்று பட்டியல் கொடுத்தார்கள். இத்தாலியில் இருந்த பிரதிகளில் பெரும்பாலானவற்றில் அடித்திருக்கிறார்கள். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே யாரும் ஏறக்குறைய பொருட்படுத்தவே இல்லை. கலிலியோவின் சொந்தப் பிரதியிலும் அடித்திருக்கிறது, ஆனால் கீழே இருப்பது நன்றாகத் தெரியும்படி மெல்லிய கோடாக. தணிக்கை எதுவரை கை நீட்டியது என்பதை வேறெந்த ஆவணமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்திருந்தால் இதில் எதுவும் தெரிந்திருக்காது.

கெப்ளர் வைத்திருந்த பிரதி லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. புத்தகத்தின் தொடக்கத்தில் "இதெல்லாம் கணக்குக்கான ஊகம்தான்" என்கிற தோரணையில் பெயரில்லாத முன்னுரை ஒன்று வரும். அதை எழுதியவர் கோபர்நிக்கஸ் இல்லை, ஒசியாண்டர் என்ற பாதிரியார் என்பதை அந்தப் பிரதியில் முந்தைய உரிமையாளர் குறித்து வைத்திருந்தார். கெப்ளர் அதைப் பார்த்துத்தான் உலகத்துக்குச் சொன்னார்.

ஈரோடு நூலகர்: எங்களுக்கு இடமே இல்லை. புதுப் பதிப்பு வந்ததும் பழையதைக் கழிப்பதில் என்ன தவறு?

உங்கள் இட நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்துக்கும் அது இருந்தது. 1623இல் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் முதன்முறையாக ஒரே தொகுதியாக வந்தன. அச்சகத்தார் சங்கத்தோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி போட்லியனுக்கு ஒரு பிரதி வந்தது. 1624 பிப்ரவரியில் உள்ளூர்க் கட்டுநர் வில்லியம் வைல்ட்கூஸிடம் கட்டக் கொடுத்தார்கள். 1664 வாக்கில் மூன்றாம் பதிப்பு வந்து சேர்ந்தது. புதியதில் நாடகங்கள் கூடுதல். பழையது எதற்கு என்று, உபரிப் புத்தகங்களோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள். அந்தக் கட்டு மொத்தமும் 24 பவுனுக்குப் போனது.

1905இல் ஒரு மாணவர் வீட்டிலிருந்த பழைய ஷேக்ஸ்பியரைக் கொண்டுவந்து, அதன் நூற்கட்டைச் சரிசெய்வது எப்படி என்று போட்லியனிலேயே ஆலோசனை கேட்டார். அந்த நூற்கட்டை நூலகர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். தங்கள் வீட்டுப் பிள்ளை! அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபோல்ஜர் 3,000 பவுன் தருவதாகச் சொன்னார். அதே தொகையைப் பொதுமக்களிடம் திரட்டி 1906இல் நூலகம் மீட்டது. ரோமியோ ஜூலியட் நாடகப் பக்கங்கள்தான் அதில் மிகவும் தேய்ந்திருந்தன. 17ஆம் நூற்றாண்டு ஆக்ஸ்போர்டு மாணவர்கள் எதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கழிப்பதற்கு முன் ஓரங்களைப் பாருங்கள், கையொப்பத்தைப் பாருங்கள், அட்டையைப் பாருங்கள். சுத்தமான பிரதியைக் கழித்து, எழுதிக் கிறுக்கிய பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் ஆசிரியை: அந்தப் புத்தகங்களை வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதானே தொட வேண்டும்?

சினிமாவில் மட்டும். துணிக் கையுறை விரலின் உணர்வைக் கெடுக்கும், தாளைக் கிழிக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வெறுங்கையால் எடுக்கத்தான் இன்று பெரும்பாலான நூலகங்களில் சொல்கிறார்கள். பேனாவை வெளியே வைத்துவிட வேண்டும், பென்சில் மட்டும்.

தூத்துக்குடி வாசகர்: 1985இல் நான் வாங்கிய நாவல் பழுப்பேறி நொறுங்குகிறது. 500 வருடப் புத்தகம் எப்படி வெள்ளையாக இருக்கிறது?

உங்கள் நாவலின் தாள் மரக்கூழ். கூடவே அமிலமும் இருக்கும், அது உள்ளிருந்தே தாளை அரிக்கும். அவர்கள் தாளை லினன் கந்தலை இடித்துக் கூழாக்கிச் செய்தார்கள். மேலே விலங்குப் பசை பூசினார்கள். துணியின் நீண்ட நார் எளிதில் அறுந்துபோகாது.

அந்தத் தாளில் இன்னொரு புதையலும் உண்டு: நீர்க்குறி. கூழை அள்ளும் கம்பிச் சட்டத்தில் பட்டறை தன் அடையாளத்தைக் கம்பியால் வளைத்து வைத்திருக்கும். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். மிச்சிகன் பல்கலைக்கழக நூலகத்தில் 1938 முதல் ஒரு தாள் பெரும் பெருமையோடு இருந்தது. வியாழனின் நிலாக்களைப் பார்த்தபோது கலிலியோ தன் கையால் குறித்தது என்று நம்பினார்கள். வரலாற்றாசிரியர் நிக் வைல்டிங் அதன் நீர்க்குறியைப் பார்த்தார். பெர்காமோ நகரைக் குறிக்கும் எழுத்துகள் அதில் இருந்தன. அப்படிப்பட்ட தாள் 18ஆம் நூற்றாண்டுக்கு முன் கிடையாது. கலிலியோ இறந்தது 1642இல். 2022இல் அந்த நூலகமே அது போலி என்று வெளிப்படையாக அறிவித்தது. அப்படி அறிவித்த நூலகத்தின் மீது என் மதிப்பு கூடியது.

தஞ்சாவூர் வாசகி: பூச்சி?

போர்ச்சுகலின் கோய்ம்ப்ரா பல்கலைக்கழகத்தில் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய ஜொவானினா நூலகத்தில் வௌவால்கள் குடியிருக்கின்றன. இரவில் அவை பூச்சிகளைத் தின்னும். மாலையில் மேசைகள் மீது தோல் விரிப்புப் போட்டு, காலையில் எச்சத்தைத் துடைக்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் பைனகி நூலகம் 1977இல் வேறு வழிக்குப் போனது. வண்டு கண்டதும் புத்தகங்களைப் பையில் போட்டு, மைனஸ் 36 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் உறைய வைத்தார்கள். மருந்து அடிக்காமல் பூச்சியைக் கொல்லும் இந்த முறை பிறகு பல நூலகங்களுக்குப் பரவியது.

நாகர்கோவில் வாசகர்: முக்கியப் புள்ளிகளுக்கு வீட்டுக்குக் கொடுப்பார்களா?

1645இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் ஆக்ஸ்போர்டில் தங்கியிருந்தபோது போட்லியனிலிருந்து ஒரு புத்தகம் கேட்டு அனுப்பினார். வெளியே கொடுக்க விதியில் இடமில்லை என்று நூலகர் பதில் சொன்னார். மன்னரும் ஏற்றுக்கொண்டார்.

கோவை வாசகர்: திருடினால் கண்டுபிடிக்க முடியுமா? அச்சுப் புத்தகத்தில் 'இது என்னுடையது' என்று எப்படி நிரூபிப்பது?

முடியும், பிரதிகள் ஒன்றுபோல் இல்லாததால்தான். டர்ஹம் பல்கலைக்கழகத்திலிருந்து 1998இல் அந்த 1623 ஷேக்ஸ்பியர் தொகுதியின் பிரதி ஒன்று திருடுபோனது. பத்தாண்டு கழித்து வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் நூலகத்துக்கு ஒருவர் வந்து, கியூபாவில் கிடைத்தது என்று ஒரு பிரதியை நீட்டினார். அட்டையும் முன்பக்கமும் பிய்க்கப்பட்டிருந்தன. ஆனால் தாளின் அளவும் மிச்சமிருந்த தடயங்களும் டர்ஹம் பிரதியின் பழைய விவரங்களோடு பொருந்தின. புத்தகம் வீடு திரும்பியது. கொண்டுவந்தவருக்குத் திருட்டுப் பொருளைக் கையாண்டதற்கும் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோனதற்கும் சேர்த்து 2010இல் எட்டாண்டுச் சிறை.

புதுச்சேரி வாசகர்: பழைய புத்தகத்தின் ஒற்றைத் தாளைச் சட்டம் போட்டு விற்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். 1921இல் நியூயார்க் வியாபாரி காப்ரியேல் வெல்ஸ், குறையுள்ள ஒரு குட்டன்பெர்க் பைபிளைப் பிரித்துத் தாள் தாளாக விற்றார். அந்தத் தாள்கள் இன்று பல நூலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. திரும்பச் சேர்க்க வழியில்லை. நாம் வாங்கும் ஒவ்வொரு தாளும் அடுத்த புத்தகத்தைப் பிரிக்கச் சொல்லும் சம்மதம்.

பிரிந்தே வந்த தாள் வேறு கதை. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2017இல் ஒரு நூலகர் பழைய தாள்களைப் புரட்டும்போது, 1476–77 வாக்கில் வில்லியம் காக்ஸ்டன் அச்சிட்ட பூசைக் கையேட்டின் ஒரு தாளைக் கண்டார். முன்னூறு ஆண்டுகள் ஏதோ ஒரு புத்தகத்தின் முதுகுக்குள் பலத்துக்காக ஒட்டிக் கிடந்தது. 1820இல் கேம்பிரிட்ஜ் நூலகர் ஒருவர் அது என்னவென்று தெரியாமலே பிரித்தெடுத்துக் காப்பாற்றினார். இங்கிலாந்தின் முதல் அச்சகத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த தாள் அது!

யாழ்ப்பாணம் வாசகர்: இவ்வளவு காப்பாற்றியும் அழிந்தவை உண்டா?

உண்டு. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழக நூலகத்தை 1914 ஆகஸ்ட் 25 இரவு ஜெர்மன் படை கொளுத்தியது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள், நூற்றுக்கணக்கான கையெழுத்துப் பிரதிகள், இன்குனாபுலா எல்லாம் சாம்பல். ஜெர்மனி அதே எண்ணிக்கையில் புத்தகம் கொடுத்து ஈடுகட்ட வேண்டும் என்று வெர்சாய் ஒப்பந்தத்தின் 247ஆவது பிரிவு சொன்னது. நூலகம் மறுபடி எழுந்தது. 1940 மே மாதம் மறுபடி எரிந்தது. இந்த முறை சுமார் ஒன்பது லட்சம். புத்தகத்துக்குப் புத்தகம் கொடுத்து ஈடுகட்டலாம். ஓரத்தில் எழுதியவரை யார் கொடுப்பது? ஊர் நூலகமே எரிந்ததைக் கண்ட யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பாளையங்கோட்டை வாசகி: இந்த ஐரோப்பிய அலமாரிகளில் நம் தமிழ் இருக்கிறதா?

அலமாரியின் முக்கியமான இடத்தில் இருக்கிறது. 1554இல் லிஸ்பனில் ஒரு சமயக் கையேடு அச்சானது. தமிழ் வாசகங்கள் ரோமன் எழுத்தில், கூடவே போர்த்துகீசியம். வின்சென்ட் டி நசரெத், ஜார்ஜ் கார்வாலியோ, தோமா டா குரூஸ் என்ற மூவர் அந்த வேலையைச் செய்தார்கள். லிஸ்பன் அருங்காட்சியகம் ஒன்றில் அதன் பிரதி இருக்கிறது. தமிழ் எழுத்திலேயே அச்சானது 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில். அன்றிக் பாதிரியார் என்று நாம் சொல்லும் ஹென்றிக் ஹென்றிகஸின் 'தம்பிரான் வணக்கம்', 16 பக்கம். எழுத்துகளைக் கோவாவிலும் கொல்லத்திலும் வார்த்தார்கள். உலகத்தில் அறியப்பட்ட ஒரே பிரதி ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கிறது. குட்டன்பெர்க் பைபிள் 49. இது ஒன்றே ஒன்று. எது அரியது என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.

சென்னை மாணவி: இதையெல்லாம் இங்கிருந்தே பார்க்க முடியுமா? எங்கிருந்து தொடங்க?

முடியும், காசில்லாமல். குட்டன்பெர்க் பைபிளின் கோட்டிங்கன் பிரதியை 2000இலேயே முழுவதும் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். முதல் பக்கத்தின் கொடி ஓவியத்தில் தொடங்குங்கள். போட்லியனும் கேம்பிரிட்ஜும் நிறையவே திறந்து வைத்திருக்கின்றன. இன்குனாபுலா ஒவ்வொன்றும் எந்த எந்த நூலகத்தில் இருக்கிறது என்ற சர்வதேசப் பட்டியலும், யார் வைத்திருந்தார், யார் எழுதினார், எப்படிக் கட்டினார் என்று பிரதி பிரதியாகப் பதியும் இன்னொரு தரவுத்தளமும் எல்லாருக்கும் பொது. இரண்டு நூலகங்களின் ஒரே புத்தகத்தை இரண்டு சன்னலில் திறந்து, ஒரே பக்கத்தை அருகருகே வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கண்டால் எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் உங்கள் கடிதத்துக்கு இடம் ஒதுக்கி வைக்கிறேன்.